மருந்தின் அளவும் மனிதனின் அளவும்

நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கற்றறிந்த மருத்துவன் எண்ணிப் பார்த்தே செயற்பட வேண்டும் என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் காட்டும் நெறியாகும். வகுப்பறையில் இக்கருத்தை விளக்கும் நாம், அதனைப் பண்டை மருத்துவத்தின் பொதுவான அறிவுரையாகக் கொண்டு எளிதாகக் கடந்து சென்றுவிடுகிறோம். ஆனால், இருபதாம் நூற்றாண்டில் மிகவும் வலிமை வாய்ந்த மருந்தொன்றைக் கையிலெடுத்த மருத்துவ உலகம், இம்மூன்றனுள் முதலாவதாகிய 'நோயாளியின் அளவு' என்பது யாது என்று கண்டறிய அரை நூற்றாண்டுக்கு மேல் தடுமாற நேர்ந்தது. அத்தடுமாற்றத்தின் வரலாற்றையும், அதிலிருந்து மீண்ட வழியையும் சுருங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய் உலகில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலைமை அதுவே. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் அறுவை மருத்துவத்தால் அதனை முற்றாக நீக்கிவிடும் வாய்ப்பு மிகுதி. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவி முற்றிவிட்ட நிலையிலோ, அறுவைக் கத்தி எட்டாத இடங்களிலெல்லாம் நோய் வேரூன்றிவிடுகிறது. அப்போது குருதியோடு கலந்து உடலெங்கும் செல்லும் வேதிமருந்தே பெரும்பாலோர்க்குத் துணையாகிறது. கீமோதெரபி என்று மக்கள் வழங்குவது இதனையே.

முற்றிய நிலையில் இம்மருந்து பெரும்பாலும் நோயை அறவே ஒழிப்பதில்லை. அது வாழ்நாளைச் சில மாதங்களோ ஆண்டுகளோ நீட்டித் தருகிறது; துன்பத்தைத் தணிக்கிறது. ஆகவே, இங்கு அளவு என்பது வெறும் கணக்கன்று. அளவு மிகுந்தால், எஞ்சியுள்ள நாள்களை வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கவர்ந்துகொள்ளும். சிலர்க்கு உயிரே போய்விடும். அளவு குறைந்தால், மருந்தின் தொல்லை மட்டும் எஞ்சி, பயன் கிட்டாமற்போகும்.

மருந்து பிறந்த கதை

பெருங்குடற் புற்றுநோய்க்கு இன்றும் முதுகெலும்பாக விளங்கும் மருந்தின் பெயர் ஃபுளோரோயுராசில். இதன் பிறப்பு தற்செயலானதன்று, சிந்தித்துச் செய்யப்பட்டது. 1954ஆம் ஆண்டில், எலிகளின் கல்லீரலில் தோன்றிய கட்டிகள் யுராசில் என்னும் பொருளை இயல்பான திசுக்களைவிட மிகுதியாக எடுத்துக்கொள்வதை ஆய்வாளர் சிலர் கண்டனர். உயிரணுக்கள் தம் மரபுப்பொருளை உருவாக்கப் பயன்படுத்தும் அடிப்படைக் கூறுகளுள் யுராசிலும் ஒன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஹைடல்பெர்கர் இச்செய்தியிலிருந்து ஒரு வழியை வகுத்தார். யுராசிலில் உள்ள ஒரு ஹைட்ரஜன் அணுவை அகற்றி, அவ்விடத்தில் ஃபுளோரின் அணுவை வைத்தால், புற்றணு அதனை உணவென்று எண்ணி ஏற்றுக்கொள்ளும். பின்னர் அதனாலேயே தன் பெருக்கத்தை நிறுத்திக்கொள்ளும் என்பது அவருடைய கருத்து. பூட்டுக்குள் எளிதாக நுழைந்து, திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவிக்கு இதனை ஒப்பிடலாம். ஹாஃப்மன் லா ரோச் நிறுவனத்தின் வேதியியலாரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய இம்மருந்து பற்றிய அறிக்கை 1957இல் வெளிவந்தது. 1962இல் அமெரிக்க அரசு அதன் பயன்பாட்டிற்கு ஒப்புதல் அளித்தது.

போலிச் சாவிக்குப் பூட்டுகளிடையே வேறுபாடு தெரியாது. விரைந்து பெருகும் உயிரணு எதுவாயினும் அது தாக்கும். வாயின் உட்தோலும், குடலின் உட்சுவரும், குருதியணுக்களை உண்டாக்கும் எலும்பு மச்சையும் புற்றணுக்களைப் போலவே இடைவிடாமல் பெருகுபவை. ஆகவே, அவையும் அடிபட்டன. தொடக்க காலத்தில் மருத்துவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள்கள் மருந்தைச் செலுத்தினர். பின்னர் அதில் பாதியளவை ஒருநாள் விட்டு ஒருநாள், நச்சுக்குறிகள் தோன்றும்வரை கொடுத்தனர். வாயில் புண் தோன்றினால், அல்லது வயிற்றுப்போக்குத் தொடங்கினால், அளவு எட்டிவிட்டது என்பது பொருள். வேறு அளவுகோல் இல்லாத காலத்தில் நோயாளியின் உடலே அளவுகோலாயிற்று. அக்குறிகள் தோன்றிய பின் நிறுத்தியும் மீள இயலாமல் சிலர் மருந்தாலேயே இறந்தனர்.

தோலின் பரப்பு அளவுகோலான விதம்

இதைவிட நம்பத்தக்க அளவுகோல் ஒன்று வேண்டும் என்று மருத்துவர்கள் விரும்பியதில் வியப்பில்லை. அவர்களுக்குக் கிடைத்தது உடலின் மேற்பரப்பு.

அதன் வேர் புற்றுநோய் ஆய்வில் இல்லை. ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ரூப்னர் 1883ஆம் ஆண்டில் சிறியனவும் பெரியனவுமாகிய நாய்களை ஆராய்ந்து, உடலில் உண்டாகும் வெப்பத்தின் அளவு எடையைவிட மேற்பரப்போடு நெருங்கிய தொடர்புடையது என்று கூறினார். மனிதனின் மேற்பரப்பை அளப்பது எப்படி? 1916இல் நியூயார்க்கைச் சேர்ந்த டெலஃபீல்டு டுபாய், யூஜின் டுபாய் என்னும் இருவர் அதற்கு ஒரு வாய்பாட்டை வெளியிட்டனர். மனிதர்களின் உடலை ஒட்டிக் காகித அச்சுகள் எடுத்து, அவற்றின் பரப்பை அளந்து, உயரத்தையும் எடையையும் மட்டும் கொண்டு மேற்பரப்பைக் கணக்கிடும் முறையை அவர்கள் வகுத்தனர். அவ்வாய்பாட்டிற்கு அடிப்படையாக அமைந்தோர் ஒன்பது பேர் மட்டுமே. உணவிலிருந்து உடல் பெறும் ஆற்றலை ஆராய்வதற்காகவே அவர்கள் அதனை உருவாக்கினர். மருந்தளவைப் பற்றிய எண்ணம் அதில் இல்லை.

1958ஆம் ஆண்டில், குழந்தைகளின் புற்றுநோயை ஆராய்ந்துவந்த டொனால்டு பிங்கல் என்னும் அமெரிக்க மருத்துவர் இதனை மருந்தளவோடு இணைத்தார். அக்காலத்துப் புற்றுநோய் மருந்துகள் சிலவற்றை எடையின்படிக் கணக்கிட்டால், எலிக்கும் குழந்தைக்கும் வளர்ந்தவர்க்கும் உரிய அளவுகள் பெரிதும் வேறுபட்டன. மேற்பரப்பின்படிக் கணக்கிட்டால் அவை ஒன்றையொன்று நெருங்கி வந்தன. 1966இல் எமில் ஃபிரைரைக்கும் அவருடைய குழுவினரும் பல விலங்குகளையும் பல மருந்துகளையும் ஒப்பிட்டு இதே முடிவை வலுப்படுத்தினர். புதிய மருந்தை விலங்கிலிருந்து மனிதனுக்குக் கொண்டுவரும்போது முதல் அளவை எவ்வாறு தீர்மானிப்பது என்னும் சிக்கலுக்கு இது நல்லதொரு விடையாக அமைந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு வழுக்கல் நிகழ்ந்தது. எலிக்கும் மனிதனுக்கும், குழந்தைக்கும் பெரியவர்க்கும் இடையேயுள்ள வேறுபாட்டைச் சமன்செய்யக் கண்டுபிடிக்கப்பட்ட கருவி, வளர்ந்த ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையும் சமன்செய்யும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அதனை மெய்ப்பிக்கும் ஆய்வு ஒன்றும் முன்னதாக நடைபெறவில்லை. ஆயினும், உயரமும் எடையும் எங்கும் எளிதில் அளக்கத்தக்கவை. சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவது துல்லியமான அறிவியலாகத் தோற்றமளித்தது. வசதியும் தோற்றமும் சேர்ந்து அதனை உலக வழக்காக்கிவிட்டன.

கல்லீரலில் இருந்த விடை

நரம்பின் வழியே செலுத்தப்படும் ஃபுளோரோயுராசில் குருதியில் நெடுநேரம் தங்குவதில்லை. ஏறத்தாழ 10 முதல் 20 மணித்துளிகளுக்குள் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். செலுத்திய மருந்தில் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டதைச் சிதைத்து வெளியேற்றுவது ஒரே ஒரு நொதி. அது பெரிதும் கல்லீரலில் பணியாற்றுகிறது. அதன் நீண்ட வேதியியற் பெயரைச் சுருக்கி டி.பி.டி. என வழங்குவர். ஆகவே, நூறு பங்கு மருந்து செலுத்தினால் புற்றணுவைத் தாக்கக் கிடைப்பது இருபது பங்குக்கும் குறைவே.

இந்நொதி ஒருவரிடம் பாதியளவே இருக்குமாயின் என்னவாகும்? உடலில் தங்கும் மருந்து பெரிதும் உயரும். நொதி மிகுதியாக வேலை செய்யுமாயின், மருந்து பயன் தருமுன்பே அழிந்துவிடும். இருவரும் ஒரே உயரமும் ஒரே எடையும் உடையவராயிருக்கலாம். தோலின் பரப்பு அவர்களிடையே எவ்வேறுபாட்டையும் காட்டாது.

இவ்வுண்மை நோயாளிகளின் துன்பத்தின் வழியாகவே வெளிப்பட்டது. 1985ஆம் ஆண்டில், இயல்பான அளவு மருந்து பெற்றும் கடும் நச்சு விளைவுக்கு ஆளான ஒரு பெண்ணின் குருதியிலும் சிறுநீரிலும் யுராசில் போன்ற பொருள்கள் அளவுக்கு மீறி இருந்ததை மருத்துவர்கள் கண்டனர். அவருடைய குடும்பத்தாரிடமும் இக்குறை காணப்பட்டதால், இது பரம்பரையாக வருவது என்னும் எண்ணம் பிறந்தது. 1988இல் ராபர்ட் டயாசியோவும் உடனாய்வாளர்களும் இத்தகைய நோயாளியிடம் டி.பி.டி. நொதியின் குறைபாட்டை நேரடியாக அளந்து காட்டினர்.

ஐந்தாண்டுகளுக்குப் பின் ஜப்பானில் நேர்ந்த ஒரு பேரிடர் இந்நொதியின் முதன்மையை உலகறியச் செய்தது. 1993இல் அக்கி நோய்க்குச் சொரிவுடின் என்னும் புதிய மருந்து அங்கு விற்பனைக்கு வந்தது. புற்றுநோயால் உடல் தளர்ந்தோர்க்கு அக்கி வருவது இயல்பு. அவர்களுள் பலர் ஃபுளோரோயுராசில் வகை மருந்துகளையும் உட்கொண்டுவந்தனர். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் சொரிவுடினை மாற்றி உண்டாக்கிய பொருள் டி.பி.டி. நொதியை அடியோடு செயலிழக்கச் செய்தது. மருந்து வெளிவந்த நாற்பது நாள்களுக்குள் பதினைந்து பேர் இறந்தனர். அக்கி மருந்து திரும்பப் பெறப்பட்டது. புற்றுநோய் மருந்தின் அளவை எவரும் கூட்டவில்லை. அதனைச் சிதைக்கும் நொதி மட்டுமே முடக்கப்பட்டது. உடல் எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான, இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

குருதியை அளந்த மருத்துவர்கள்

நொதியே அடிப்படை என்றால், அதன் விளைவைக் குருதியிலேயே அளந்து அதற்கேற்ப மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாதா? பிரான்சு நாட்டின் ஆஞ்செர் நகரில் எரிக் கமெலின் தலைமையில் இயங்கிய குழு இக்கேள்வியைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. பரவிய பெருங்குடற் புற்றுநோயுடைய 152 பேரிடம் நடத்திய ஆய்வை அக்குழு 1998இல் வெளியிட்டது. பின்னர் 208 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளிவந்தது. இதில் இரு பிரிவினர்க்கும் வாரந்தோறும் எட்டு மணி நேரம் மருந்து செலுத்தப்பட்டது. தொடக்க அளவு சதுர மீட்டருக்கு 1,500 மில்லிகிராம். ஒரு பிரிவினர்க்கு அந்த அளவே தொடர்ந்தது. மறு பிரிவினர்க்குக் குருதியில் மருந்தின் செறிவை அளந்து, குறித்த எல்லைக்குள் அது வரும்வரை அளவு மாற்றப்பட்டது.

அவ்வாறு மாற்றியபோது மனிதர்களிடையேயுள்ள வேறுபாடு கண்கூடாயிற்று. ஒரே எல்லையை எட்டுவதற்குச் சிலருக்குச் சதுர மீட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கும் குறைவே போதுமானதாயிற்று. வேறு சிலருக்கோ 3,000 மில்லிகிராமையும் கடக்க வேண்டியிருந்தது. கட்டி சுருங்கியோர் வழக்கமான அளவு பெற்ற பிரிவில் 18.3 விழுக்காடு; அளந்து கொடுத்த பிரிவில் 33.7 விழுக்காடு. கடுமையான நச்சு விளைவுகளும் அப்பிரிவில் குறைந்தன. வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 16 மாதத்திலிருந்து 22 மாதமாக உயர்ந்தது; ஆயினும், இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்னும் ஐயத்தைப் புள்ளியியல் முற்றாக நீக்கவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும்.

பொதுவாக, அளவைத் தனியாக்குவது என்றால் குறைப்பது என்றே நாம் எண்ணுவோம். இவ்வாய்வு அவ்வெண்ணத்தைத் திருத்தியது. பலர் அதுகாறும் தமக்கு வேண்டியதைவிடக் குறைவாகவே மருந்து பெற்றுவந்திருந்தனர். மிகை அளவு அலறிக்கொண்டு வெளிப்படும். குறை அளவோ ஓசையின்றி நோயை வளரவிடும். முன்னதை மருத்துவமனை கண்டுகொள்கிறது. பின்னதை நோயின் இயல்பு என்று எழுதிவிடுகிறது.

மரபணுவைப் படித்தல்

குருதிச் செறிவை அளப்பதில் ஒரு குறையும் உண்டு. முதல் முறை மருந்து செலுத்திய பின்னரே அதனை அளக்க இயலும். நொதி மிகவும் குறைந்தவர்க்கு அந்த முதல் முறையே இறுதி முறையாகிவிடக்கூடும். இங்கு மரபணுச் சோதனை துணைக்கு வந்தது. டி.பி.டி. நொதியை ஆக்கும் மரபணுவில் அமையும் சில மாற்றங்கள் 1990களில் அடையாளம் காணப்பட்டன.

நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 2,038 நோயாளிகளை முன்னரே சோதித்ததில், குறிப்பிட்ட ஒரு மாற்றம் 22 பேரிடம் காணப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர்க்கு ஏறத்தாழப் பாதி அளவிலேயே மருத்துவம் தொடங்கினர். முன்பு முழு அளவு பெற்ற இத்தகையோருள் 73 விழுக்காட்டினர் கடும் நச்சு விளைவுக்கு ஆளாகியிருந்தனர். அளவைக் குறைத்தபின் அது 28 விழுக்காடாயிற்று. முன்பு பத்தில் ஒருவர் மருந்தால் இறந்தனர். இம்முறை எவரும் இறக்கவில்லை. பாதி அளவு பெற்றும் அவர்களுடைய குருதியில் இருந்த மருந்து, முழு அளவு பெற்ற ஏனையோருடையதற்கு ஒத்ததாகவே இருந்தது. அவர்களுக்குரிய முழு அளவு அந்தப் பாதியே என்பது இதனால் புலனாயிற்று.

2020ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருந்து ஆணையம், இவ்வகை மருந்து தொடங்குமுன் டி.பி.டி. குறைபாட்டைச் சோதிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தும் அவ்வாண்டிலேயே இச்சோதனையை வழக்கத்திற்குக் கொண்டுவந்தது. நோயாளியிடம் இக்குறை முதன்முதலாகக் காணப்பட்ட 1985ஆம் ஆண்டிலிருந்து எண்ணினால், இடைப்பட்டவை 35 ஆண்டுகள்.

காலம் தாழ்ந்தது ஏன்?

இத்துணைக் காலம் ஏன் ஆயிற்று என்று மாணவர் கேட்பராயின், விடை ஒன்றன்று. முதலாவது, செயல்முறை இடர்ப்பாடு. எடுத்த குருதியைக் குளிர்நிலையில் வைத்து விரைந்து பிரிக்காவிடில், சோதனைக் குழாய்க்குள்ளேயே மருந்து சிதைந்துவிடும். இரண்டாவது, மருத்துவம் நிலையாக நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சாலிபிளாட்டின், இரினோடெக்கான் என்னும் மருந்துகள் வந்து ஃபுளோரோயுராசிலோடு சேர்ந்தன. எட்டு மணி நேரம் செலுத்தும் முறை மாறி, இடுப்பில் கட்டிய சிறு கருவியின் வழியே 46 மணி நேரம் செலுத்தும் முறை பரவியது. பழைய முறையில் நிறுவிய உண்மையைப் புதிய முறையில் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. மூன்றாவது, பழக்கம். உலகெங்கும் ஒரே வாய்பாட்டைப் பின்பற்றும்போது, அது சரியா என்று கேட்பவரே விளக்கம் சொல்லும் கடமைக்கு ஆளாகிறார்.

நான்காவது காரணம் நம்மை நேரே தொடுவது. நெதர்லாந்தில் 22 பேரிடம் காணப்பட்ட அம்மரபணு மாற்றம் கிழக்காசிய மக்களிடையே மிக அரிது. ஐரோப்பியரை அளந்து வகுத்த சோதனையில் 'குறையில்லை' என்று விடை வந்தால், அது ஏனைய மக்களுக்கு முழுப் பாதுகாப்பாகாது. இரினோடெக்கான் மருந்திலும் இதே நிலைதான். அதனை வெளியேற்ற உதவும் வேறொரு நொதியின் மரபணு மாற்றத்தைக் குறித்து அமெரிக்க அரசு 2005இலேயே மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்க்கச் செய்தது. ஆனால், ஐரோப்பியரிடம் மிகுதியாகக் காணப்படும் மாற்றம் ஒன்று. கிழக்காசியரிடம் கருதத்தக்க மாற்றம் மற்றொன்று. மலாயரும் சீனரும் இந்தியரும் ஒரே மருத்துவமனைக் கூடத்தில் அருகருகே அமரும் நம் நாடுகளில், எவரை அளந்து இவ்விதி எழுதப்பட்டது என்னும் கேள்வி மிகவும் தேவையானது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அண்மைய ஆண்டுகளில் வேறொரு வழியைச் சோதித்து வருகின்றனர். பிறரிடமிருந்து திரட்டிய சராசரியை நாடாமல், ஒரு நோயாளிக்குக் கொடுத்த அளவுகளையும், அவருடைய குருதியில் நோயைக் காட்டும் குறிப்பொருள் ஏறி இறங்கியதையும் கணினியின் துணையால் இணைத்து, அவருடைய அடுத்த அளவை அவரைக் கொண்டே தீர்மானிப்பது இம்முறை. கெபசிட்டாபின் என்னும் மாத்திரையைப் பெறும் முற்றிய நோயாளிகளிடம் இதனை ஆராய்ந்தனர். இம்மாத்திரை உடலுக்குள் சென்று ஃபுளோரோயுராசிலாகவே மாறுவது. இதுவரை சோதிக்கப்பட்டோர் சிலரே. நோயாளிகள் நெடுநாள் வாழ்வர் என்று இது இன்னும் மெய்ப்பிக்கவில்லை. எனினும், நோயாளியின் அளவு நோயாளியிடமே உள்ளது என்னும் கருத்து இதில் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் அறுபது என்றால், அவ்வகுப்பில் அறுபது பெற்ற மாணவர் ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம் என்பதை ஆசிரியர்கள் அறிவர். மருத்துவம் இவ்வெளிய உண்மையைக் கற்றுக்கொள்ளப் பல உயிர்களை விலையாகக் கொடுத்தது. சராசரியை இகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை. சராசரி இல்லையேல் எந்த மருந்தும் தொடங்கவே இயலாது. இன்றும் பெரும்பாலான மருத்துவமனைகளில் முதல் அளவு உயரத்தையும் எடையையும் கொண்டே கணக்கிடப்படுகிறது. தொடங்குமிடமாக அது தகுதியுடையதே. அங்கேயே நின்றுவிடுவதுதான் பிழை.

நம் குடும்பங்களில் ஒருவருக்கு இந்நோய் வருமாயின், மருந்து தொடங்குமுன் மருத்துவரிடம் பணிவோடு கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு உண்டு. இம்மருந்தைச் சிதைக்கும் நொதி இவருக்குப் போதிய அளவு உள்ளதா என்று சோதிக்க இயலுமா? முதல் முறைக்குப் பின் இவர் உடல் காட்டும் குறிகளைக் கொண்டு அளவை மீண்டும் எண்ணிப் பார்ப்பீர்களா? இக்கேள்விகளைக் கேட்பது மருத்துவர்மேல் ஐயம் கொள்வதாகாது. நோயாளியின் அளவை எண்ணிச் செய்க என்று அவருக்கு நம் மொழி என்றோ சொல்லிவைத்ததை நினைவூட்டுவதேயாகும்.